செச்சென் போரில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்க ஒரு குழு: முதல் குடும்பத்திலிருந்து தொடங்குவது எப்படி?

செச்சென் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குப் போனால் முதலில் தேநீர் வரும், கூடவே சாப்பாடும் வரும். வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. வயிறு நிறைந்த பிறகுதான் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பை இறங்கும். உள்ளே பழைய புகைப்படம், மடித்து மடித்துக் கிழிந்த கடிதங்கள், ஏதோ ஒரு ராணுவ அலுவலகத்தின் முத்திரை, யாரோ கையால் வரைந்த தெருப்படம் எல்லாம் இருக்கும். கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே பதில்தான்: குற்றவாளிகள் யாரென்று தெரியவில்லை, ஆகவே விசாரணை நிறுத்திவைக்கப்படுகிறது. அந்தப் பையை என்ன செய்வது என்று தெரிந்துகொள்வதுதான் உங்கள் வேலையில் பெரும்பகுதி. பதாகை, கையெழுத்து இயக்கம், கண்டனக் கூட்டம் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஐரோப்பிய நகரம் ஒன்றில் சில ஆண்டுகள் இந்த வேலையில் கூடமாட இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்ல. இங்கே சொல்வதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போர் முடிந்து இத்தனை வருடம் ஆன பிறகும் ஏன்?

ரஷ்யாவிலிருந்து பிரிந்துபோக முயன்ற செச்னியாமீது ரஷ்யா நடத்திய முதல் போர் 1994 டிசம்பரில் தொடங்கி 1996 ஆகஸ்டில் காசவ்யூர்த் ஒப்பந்தத்தோடு நின்றது. இரண்டாவது போர் 1999 இலையுதிர்காலத்தில் தொடங்கியது. "பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடிந்தது" என்று ரஷ்யா அதிகாரபூர்வமாக அறிவித்தது 2009 ஏப்ரலில். இந்த இரண்டாவது போரில்தான் 'ஜச்சிஸ்த்கா' என்ற ரஷ்யச் சொல் கிராமம் கிராமமாகப் பரவியது. துப்புரவு என்று பொருள். ஊரைச் சுற்றி வளைத்து, வீடு வீடாகப் புகுந்து, ஆண்களைக் கவச வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். திரும்பி வராதவர்கள் 3,000 முதல் 5,000 பேர் வரை இருக்கும் என்பது மெமோரியல் என்ற ரஷ்ய மனித உரிமை அமைப்பின் மதிப்பீடு. 'காணாமல் ஆக்கப்பட்டவர்கள்' என்ற சொல்லைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மாரை நாம் அறிவோம்.

இன்று உங்களிடம் வருபவர்கள் ஒரே மாதிரியானவர்களாக இருக்கமாட்டார்கள். மகனைத் தேடும் வயதான அம்மா ஒருவர். கண்ணிவெடியில் காலை இழந்தவர் ஒருவர். செச்னியாவின் தலைநகர் க்ரோஸ்னியில் சித்திரவதைக்கு ஆளாகித் தப்பி வந்தவர் ஒருவர். உக்ரைன் போர்முனைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து ஓடிவந்த 20 வயதுப் பையன் ஒருவன். எல்லாருக்கும் உதவுகிறேன் என்று கிளம்பும் குழு ஆறு மாதத்தில் படுத்துவிடும். புதியவர்கள் முதல் வருடத்தில் ஒரே ஒரு வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை, பக்கத்து ஊரில் இருக்கும் தஞ்சக் கோரிக்கையாளர்கள். உங்களால் நேரில் போகமுடியும், தப்பு நடந்தால் திருத்தமுடியும்.

செச்னியாவுக்கே நேரில் போய் உதவும் யோசனை யாருக்காவது இருந்தால் அன்பாகத் தடுத்துவிடுங்கள். 1996 டிசம்பரில் நோவியே அதாகி மருத்துவமனையில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆறு பணியாளர்கள் தூக்கத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 2016இல்கூட, பக்கத்துக் குடியரசான இங்குஷெத்தியாவின் எல்லையில் பத்திரிகையாளர்களையும் மனித உரிமைப் பணியாளர்களையும் ஏற்றிவந்த பேருந்தைக் கொளுத்தினார்கள். அனுபவசாலிகளுக்கே இந்த கதி.

குழுவில் யார் யார்?

ஐந்து பேர் போதும். ஐம்பது பேர் வந்தால் சந்தோஷம்தான், ஆனால் குடும்பங்களின் விவரம் அந்த ஐந்து பேரைத் தாண்டக்கூடாது.

ஒருவர் கோப்புகளைப் பார்த்துக்கொள்பவர். பொறுமைசாலி, கையெழுத்து நன்றாக இருப்பவர், வம்பு பேசாதவர். குழுவின் முதுகெலும்பு இவர்தான், மேடையில் பேசுபவர் அல்ல. அடுத்தவர், தஞ்ச வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரோடு தொடர்பில் இருப்பவர். மூன்றாமவர் குடும்பத்தோடு கூடவே போகிறவர்: அலுவலகம், மருத்துவர், பள்ளிக்கூடம். நான்காமவர் கணக்கு. ஐந்தாமவர் மொழிபெயர்ப்பாளர். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

பெரும்பாலான செச்சென்களுக்கு ரஷ்யமொழி தெரியும். ஆனால் வயதான பெண்கள் துயரத்தைப் பேசும்போது தாய்மொழிக்கு மாறிவிடுவார்கள். அதனால் இன்னொரு செச்செனைக் கூப்பிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். கூப்பிடுவதற்கு முன் குடும்பத்திடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். புலம்பெயர்ந்த சமூகத்தில் யார் யாருக்குச் செய்தி சொல்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். இது வீண் பயம் இல்லை. செச்னியாவின் தலைவர் ரம்ஜான் கதிரோவின் மெய்க்காவலர்களில் ஒருவராக இருந்து, பிறகு தன்னைச் சித்திரவதை செய்ததாக அவர்மீதே குற்றம் சாட்டிய உமர் இஸ்ராயிலோவ், 2009 ஜனவரியில் வியன்னா தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2019இல் பெர்லினின் பூங்கா ஒன்றில், ஜார்ஜியாவிலிருந்து வந்த செச்சென் செலிம்கான் கங்கோஷ்விலிக்கும் அதுதான் நடந்தது. குடும்பம் "அவர் வேண்டாம்" என்றால் காரணம் கேட்காதீர்கள். செச்சென் அல்லாத, ரஷ்யமொழி தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். பெண்ணிடம் பேசப் பெண் மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும். பாலியல் வன்முறையைப் பற்றிய பேச்சு வந்தால் கணவரோ மாமியாரோ அறையில் இருக்கக்கூடாது. அந்தச் செய்தி வீட்டுக்குள் கசிந்தாலே அந்தப் பெண்ணின் உயிருக்கு ஆபத்து வரலாம்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயதுச் சிறுமி தன் அப்பாவுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்த கதையை ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு முறை பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை பார்க்க மனமில்லை.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

அவர்கள் தங்களை 'நோக்சி' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். 1944 பிப்ரவரி 23 என்ற தேதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அன்று ஸ்டாலினின் ஆணையில் செச்சென், இங்குஷ் மக்கள் சுமார் 5 லட்சம் பேரைச் சரக்கு ரயிலில் ஏற்றிக் கசாக்ஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் நாடுகடத்தினார்கள். ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது 1957இல்தான். இன்று அறுபது எழுபது வயதில் இருக்கும் பலர் கசாக்ஸ்தானில் பிறந்தவர்கள். பிறந்த இடம் கசாக்ஸ்தான் என்று பார்த்ததும் தஞ்ச அலுவலர் சந்தேகப்படுவது உண்டு. ஒரு வரி விளக்கம் எழுதிக் கோப்பில் வைத்தால் அந்தச் சிக்கல் தீரும்.

பெரியவர் அறைக்குள் வந்தால் எழுந்து நில்லுங்கள். இது நமக்கும் பழக்கம்தான். முதல் சந்திப்பில் தாளும் பேனாவும் எடுக்காமலே திரும்பினாலும் பரவாயில்லை. விசாரணை என்ற சொல்லே அவர்களுக்கு வேறு நினைவுகளைக் கொண்டுவரும்.

ஒப்புதல்: மூன்று தாள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

ஆபத்து உங்களுக்கு அல்ல. உங்கள் முன்னால் இருப்பவருக்கும் அவ்வளவாக அல்ல. ஊரில் இருக்கும் அவருடைய அண்ணன், அத்தை, மச்சான் ஆகியோருக்குத்தான். செச்னியாவில் உறவினரைத் தண்டிப்பது ஒளிவுமறைவான காரியம் அல்ல. 2014 டிசம்பரில் க்ரோஸ்னியில் தாக்குதல் நடந்த பிறகு, ஆயுததாரிகளின் குடும்பங்களை வீட்டை இடித்துக் குடியரசை விட்டே விரட்டுவோம் என்று கதிரோவ் வெளிப்படையாகவே அறிவித்தார். வீடுகளும் எரிந்தன. ஆகவே பெர்லினில் நீங்கள் போடும் ஒரு நல்லெண்ணப் பதிவு, செச்னியாவின் அர்குன் நகரில் ஒரு கதவை இரவில் தட்ட வைக்கலாம்.

அதனால் ஒரே ஒப்புதல் தாளில் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்காதீர்கள். மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது, வழக்கறிஞரிடம் மட்டும் காட்டலாம். இரண்டாவது, ஐ.நா. போன்ற அமைப்புகளுக்கு அனுப்பலாம், ஆனால் வெளியே வரக்கூடாது. மூன்றாவது, பெயரோடு வெளியே பேசலாம். ஒவ்வொன்றையும் வெவ்வேறு நாளில், அவர்களுக்குப் புரியும் மொழியில் படித்துக்காட்டிக் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறலாம் என்பதைத் தாளிலேயே எழுதுங்கள். என் அனுபவத்தில் மூன்றாவது தாளில் கையெழுத்திட்டவர்கள் மிகக் குறைவு. அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோப்பு, தொலைபேசி விஷயத்தில், கோப்பின் மேல் பெயர் வேண்டாம், எண் போதும். பெயரும் எண்ணும் சேர்ந்திருக்கும் பட்டியல் ஒரே ஒரு பிரதி, அதுவும் கடவுச்சொல் பூட்டோடு. பேச்சுக்கு சிக்னல் செயலி, செய்திகள் தானாக அழியும்படி. புகைப்படம் அனுப்பும் முன் இடவிவரத்தை நீக்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் "இன்று இன்னாரைப் பார்த்தோம், பாவம்" என்று யாராவது எழுதினால் அன்றே அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பையைக் கோப்பாக்குவது

இதை முதலில் செய்துகாட்டியவர்கள் அந்த ஊர்க்காரர்களே. நதாலியா எஸ்தெமிரோவா க்ரோஸ்னியில் வரலாற்று ஆசிரியராக இருந்தவர். மெமோரியல் அமைப்புக்காகக் கிராமம் கிராமமாகப் போய், யார், எப்போது, எந்த வாகனத்தில் என்று எழுதிக்கொண்டு வந்தார். 2009 ஜூலை 15 காலையில் அவரை வீட்டு வாசலிலிருந்தே கடத்திக்கொண்டு போனார்கள். அன்றே இங்குஷெத்தியாவில் உடல் கிடைத்தது. ஜைனாப் கஷாயேவாவும் தோழிகளும் போரைக் காணொளியாக எடுத்து ஒளித்துவைத்த நாடாக்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்து, இன்று அங்கே ஆவணக்காப்பகமாக இருக்கின்றன. இவர்கள் சேர்த்தது கண்ணீர்க் கதைகளை அல்ல, விவரங்களை.

அந்த விவரங்கள் எதற்குப் பயன்பட்டன என்று பாருங்கள். 2000 பிப்ரவரியில் கத்தீர்-யூர்த் கிராமத்தில், வெள்ளைக்கொடியோடு வெளியேறிக்கொண்டிருந்த மக்கள்மீது கனமான வான்குண்டுகள் விழுந்தன. சாரா இசாயேவா தன் மகனையும் மூன்று மருமகள்மாரையும், அதாவது உடன்பிறந்தார் பெண்களை, இழந்தார். 2005 பிப்ரவரி 24 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ரஷ்யா தவறிழைத்தது என்று தீர்ப்பளித்தது. செச்னியா குறித்து வந்த முதல் தீர்ப்புகளில் அது ஒன்று. பிறகு 200க்கும் மேற்பட்ட தீர்ப்புகள் வந்தன. ஃபாத்திமா பஸோர்கினா தன் மகனைக் கடைசியாகப் பார்த்தது தொலைக்காட்சிச் செய்தியில். காயம்பட்ட அவனைக் கொண்டுபோய் முடித்துவிடும்படி ஒரு ரஷ்யத் தளபதி உத்தரவிடும் காட்சி அது. 2006இல் அந்தக் காணொளியே சாட்சியானது.

எல்லாருக்கும் காணொளி கிடைக்காது. மற்ற வழக்குகளில் நீதிமன்றம் எதைக் கொண்டு முடிவுக்கு வந்தது? இரவு ஊரடங்கு நேரம். கவச வாகனங்கள். சோதனைச்சாவடிகளை அவை தடையில்லாமல் கடந்தன. வந்தவர்கள் செச்சென் சாயல் இல்லாத ரஷ்யமொழி பேசினார்கள். இப்படிப்பட்ட வண்டியை வேறு யார் அந்த நேரத்தில் ஓட்டமுடியும் என்று கேட்டால் பதில் தானாக வருகிறது. ஆகவே உங்கள் கேள்விகளும் அப்படித்தான் இருக்கவேண்டும். வண்டிக்குச் சக்கரமா, சங்கிலிப் பட்டையா? எண் பலகை இருந்ததா, சேறு பூசியிருந்ததா? எத்தனை பேர், முகமூடி உண்டா, என்ன பேசினார்கள்? பக்கத்துவீட்டில் யார் பார்த்தார்கள்? மறுநாள் எந்த அலுவலகத்துக்குப் போனீர்கள், என்ன எழுதிக் கொடுத்தார்கள்? "எப்படி உணர்ந்தீர்கள்" என்பது பத்திரிகைக்காரர் கேள்வி. அதை விட்டுவிடுங்கள்.

பையில் இருக்கும் அந்த உப்புச்சப்பில்லாத கடிதங்கள்தான் தங்கம். விசாரணையைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள், யாரையும் விசாரிக்கவில்லை என்பதற்கு அவையே சாட்சி. ஒவ்வொன்றையும் இருபுறமும் ஸ்கேன் எடுத்து, தேதிவாரியாக அடுக்கி, ஒரு பக்கக் காலவரிசை எழுதுங்கள். அசலை அன்றைக்கே, அதே பையில், அதே மடிப்பில் திருப்பிக்கொடுங்கள்.

பெயர் எழுத்துக்கூட்டல் ஒரு தனித் தலைவலி. ரஷ்ய எழுத்திலிருந்து ஆங்கிலம் ஒருவிதமாகவும் ஜெர்மன் ஒருவிதமாகவும் பிரெஞ்சு வேறுவிதமாகவும் மாற்றும். பெண்களின் குடும்பப்பெயர் 'ஆ' என்று முடியும், ஆண்களுடையது அப்படி முடியாது. ஒரே குடும்பம்தானா என்று அலுவலர் கேட்பார். ஒரு வழக்கில் மகனின் பெயரை விண்ணப்பத்தில் ஒருவிதமாகவும் இணைப்பில் இன்னொரு விதமாகவும் நானே எழுதிவிட்டேன். மூன்று மாதம் போயிற்று. இப்போது கோப்பின் முதல் பக்கத்திலேயே ரஷ்ய எழுத்தில் முழுப்பெயர், தந்தைவழிப் பெயர், பிறந்த தேதி, அதன்கீழ் புழக்கத்தில் இருக்கும் எல்லா வடிவங்களும் எழுதிவிடுகிறேன். ஊர்ப்பெயரிலும் கவனம் தேவை. அதாகி என்றால் பழைய அதாகி ஒன்று, புதிய அதாகி ஒன்று.

எங்கே அனுப்புவது?

ஸ்ட்ராஸ்பூர்க் கதவு பாதி மூடிவிட்டது. 2022 மார்ச்சில், அந்த நீதிமன்றம் சார்ந்திருக்கும் ஐரோப்பிய கவுன்சிலிலிருந்து ரஷ்யா நீக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 16க்குப் பிறகு நடந்தவற்றுக்காக ரஷ்யாமீது அங்கே வழக்குப் போடமுடியாது. பழைய சம்பவங்களுக்கும் காலக்கெடு உண்டு. குடும்பத்துக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால், 1980இல் தொடங்கிய ஐ.நா.வின் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் செயற்குழு இருக்கிறது. ஈழத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழக்கமான கதவு. கட்டணம் இல்லை, உள்நாட்டு நீதிமன்றப் படிகளை எல்லாம் ஏறி முடித்திருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெயர், தேதி, இடம், கொண்டுபோனவர்கள் யார், குடும்பம் என்ன முயற்சி எடுத்தது, இவ்வளவும் வேண்டும். குடும்பம் தவிர வேறொருவர் அனுப்பினால் குடும்பத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த அமைப்பு தண்டனை கொடுக்காது, அரசிடம் கேள்வி கேட்கும். பதிவேட்டில் பெயர் ஏறும். சில தாய்மாருக்கு அதுவே பெரிது. உறவினரைத் தேடும் வேலைக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடல் பிரிவும் உண்டு, ஏறக்குறைய எல்லா நாட்டிலும் கிளை இருக்கிறது. ரஷ்யாவுக்கென்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பதவியும் 2022இல் உருவானது.

உண்மையில் உங்கள் குழுவின் பெரும்பாலான நேரம் போகப்போவது வேறொன்றில், நாடுகடத்தலைத் தடுப்பதில். செச்சென்களில் பலர் பெலாருஸின் பிரெஸ்த் நகரிலிருந்து போலந்தின் தெரெஸ்போலுக்கு ரயிலில் வந்தவர்கள். எல்லையில் மனு வாங்காமலே திருப்பியனுப்பியது தவறு என்று 2020இல் போலந்துக்கு எதிராக ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பு வந்தது. கைரேகை எந்த நாட்டில் முதலில் பதிவானது என்று தொடக்கத்திலேயே கேட்டு எழுதுங்கள், வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

திருப்பியனுப்ப நினைப்பது ஆஸ்திரியாவோ பிரான்ஸோ என்றால் அந்த நாட்டுக்கு எதிராக ஸ்ட்ராஸ்பூர்க் கதவு முழுதாகத் திறந்தே இருக்கிறது. சித்திரவதை அபாயம் இருந்தால் 39ஆம் விதியின்கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம். இதற்கு நேரம் மணிக்கணக்கில்தான் கிடைக்கும். விமானத் தேதி, நேரம், எண், இதுவரை வந்த முடிவுகளின் நகல், எல்லாம் சேர்த்து அனுப்பவேண்டும், சாதாரண மின்னஞ்சலில் அனுப்பக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கறிஞருக்கு அதிகாரம் கொடுக்கும் தாளில் கையெழுத்து வேண்டும். விடியற்காலையில் பிடித்துக்கொண்டு போய்த் தடுப்பு நிலையத்தில் வைத்த பிறகு அந்தக் கையெழுத்தை வாங்க அலைவது நரகம். எனவே ஆபத்து தெரிந்தவுடனேயே, எதுவும் நடக்கும் முன்பே, கையெழுத்து வாங்கி வழக்கறிஞரிடம் வைத்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் காப்பாற்றப்பட்ட நாள்கள் உண்டு.

சத்தம் போடும் வேலை

மூன்றாவது தாளில் கையெழுத்து இருந்தால் மட்டும். நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதினால் ஒரு பக்கம், ஒரு வேண்டுகோள். "செச்சென் மக்களுக்கு நீதி வேண்டும்" என்றால் உதவியாளர் அச்சடித்த பதில் ஒன்றை அனுப்பிவிடுவார். "இந்த மாதம் இன்ன தேதியில் இவரை அனுப்பப்போகிறார்கள், உள்துறை அமைச்சருக்கு ஒரு கேள்வி எழுப்புங்கள்" என்றால் அவர் ஏதாவது செய்தே ஆகவேண்டும். பிப்ரவரி 23 அன்று புலம்பெயர்ந்த செச்சென்கள் நினைவுகூடல் நடத்துவார்கள். நீங்கள் நாற்காலி எடுத்துப் போடப் போங்கள், ஒலிவாங்கியைப் பிடிக்க அல்ல. 1944 நாடுகடத்தலை இனப்படுகொலையாக ஐரோப்பிய நாடாளுமன்றம் 2004இல் ஏற்றுக்கொண்டது என்பது கடிதங்களில் பயன்படும் தகவல்.

ரஷ்யர் எல்லாரும் எதிரி என்ற பேச்சை உள்ளே விடாதீர்கள். 1995இல் மாஸ்கோவிலிருந்து க்ரோஸ்னி நோக்கி நடந்தவர்கள் ரஷ்யப் படைவீரர்களின் அம்மாக்கள். ஸ்வெத்லானா கன்னூஷ்கினா 1990இல் தோழர்களோடு தொடங்கிய அகதி உதவிக் குழு, எத்தனையோ செச்சென் குடும்பங்களுக்கு மாஸ்கோவில் முதல் கதவாக இருந்தது.

பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். செச்னியாவுக்கு நேரடியாகப் பணம் அனுப்பவேண்டாம். பெறுபவருக்கே அது ஆபத்து. 2015 முதல் ரஷ்யாவில் 'விரும்பத்தகாத அமைப்பு' என்ற சட்டம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள அமைப்போடு தொடர்பு என்றால் அங்கே குற்றம். இங்கே வழக்கறிஞர் கட்டணம், மொழிபெயர்ப்பு, பயணச்சீட்டு, செயற்கைக் கால் பொருத்தும் செலவு, இவற்றை ரசீதுக்கு நேராகக் கட்டுங்கள். ரொக்கமாக யார் கையிலும் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து. யாருக்கு என்று எழுதவேண்டிய இடத்தில் கோப்பு எண்.

ஆள்கள் களைத்துப்போவது

தொடர்ந்து மூன்று வாக்குமூலம் கேட்டவர் நாலாவது நாள் தூங்கமாட்டார். ஒருவருக்கு ஒரு வாரத்தில் ஒரு வாக்குமூலத்துக்குமேல் வேண்டாம். விலகுகிறேன் என்று யாராவது சொன்னால் குற்ற உணர்வு ஏற்றாமல் அனுப்புங்கள், ஆனால் அவருடைய தொலைபேசியிலும் கணினியிலும் இருப்பதை அவர் முன்னாலேயே அழித்துவிட்டு, அவர் பார்த்துவந்த குடும்பத்துக்கு அடுத்தவரை நேரில் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள். சொல்லாமல் ஆள் மாறினால் அந்த வீட்டில் தேநீர் வரும், பை வராது.

வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கோப்பையும் திறந்து தொலைபேசி எண் மாறியிருக்கிறதா, ஒப்புதல் இன்னும் அப்படியே இருக்கிறதா, ஊரில் யாருக்காவது ஏதாவது நடந்ததா என்று கேளுங்கள். வழக்கு முடிந்த குடும்பத்தையும் கேளுங்கள்.